அவர்கள் ஏன் பிரிந்தார்கள்? ‘ஒரு செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர்’ குறித்து ஒரு பதில்

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் தங்கை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தது இது: “ஜப்பானிய இயக்குநர் மக்கோட்டோ ஷின்காயின் ‘ஒரு செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர்’ படத்தைப் பார்த்தேன். அந்த இருவருக்கும் இடையில் சண்டை இல்லை, எதிர்த்து நிற்கும் பெற்றோர் இல்லை, ஏமாற்றியவரும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் பிரிந்தார்கள்? நடுவில் வேறொரு பெண்ணின் கதை எதற்கு? எல்லாம் போன பிறகு கடைசியில் அவன் ஏன் சிரிக்கிறான்? என் உயிர்ச் சிநேகிதியின் குடும்பம் விரைவில் ரொறன்ரோவுக்குப் போகிறது. அதனால்தான் கேட்கிறேன்.”

தங்கைக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்குமான விடை, “எதற்கு” என்று நீங்கள் கேட்ட அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் முதற்பகுதியின் இரவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த இரவில் சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விடப்பட்டது எது என்று கவனிக்காதவர்கள்தான் இதைத் தூரம் காதலைக் கொன்ற கதை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

படம் பார்க்காத எவரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சில விவரங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2007 மார்ச் மாதத்தில் ஜப்பானில் வெளிவந்த இந்த அசைவூட்டப் படம் 63 நிமிடங்கள்தான் ஓடும். அதற்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. தக்காக்கி என்ற பையனும் அக்காரி என்ற பெண்ணும் தோக்கியோவில் ஆரம்பப் பாடசாலைத் தோழர்கள். இருவருமே வேறு ஊர்களிலிருந்து இடம் மாறி வந்தவர்கள். உடல் வலுக் குறைந்தவர்கள் என்பதால் மைதானத்தை விட நூலகத்திலேயே அதிகம் பொழுதைக் கழித்தவர்கள். ஆரம்பப் பாடசாலை முடிந்ததும் அக்காரியின் குடும்பம் வடக்கே தொச்சிகி மாகாணத்துக்குப் போய்விடுகிறது. ஓராண்டில் தக்காக்கியின் குடும்பமும் தெற்கே ககோஷிமாவுக்குப் போக வேண்டி வருகிறது. பெற்றோரின் தொழில் மாறுகிறது, பிள்ளைகள் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார்கள். வில்லனைத் தேடினால் இதைத் தவிர வேறொன்றும் அகப்படாது.

தலைப்பில் இருக்கும் எண், செர்ரிப் பூவிதழ் விழும் வேகம் என்று அக்காரி சொல்வது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீற்றர் உயரமான கிளையிலிருந்து அந்த வேகத்தில் விழும் இதழ் நிலத்தைத் தொட முழுதாக ஒரு நிமிடம் எடுக்கும். உண்மையான இதழ் அதைவிட எவ்வளவோ விரைவாக விழுந்துவிடும். ஆகவே இதை இயற்பியலாக எடுக்க வேண்டாம். எங்கோ கேட்டதையோ வாசித்ததையோ ஒரு சிறுமி தன் தோழனுக்குக் கொடுத்த பரிசு அது, அவ்வளவுதான். அந்தப் பரிசை அவன் எத்தனை ஆண்டுகள் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்பதே படம்.

இனி அந்த இரவு. 1995 மார்ச் 4. ககோஷிமாவுக்குப் போவதற்கு முன் ஒருமுறை அக்காரியைப் பார்த்துவிட வேண்டும் என்று தக்காக்கி தனியாக ரயில் ஏறுகிறான். ஷிஞ்ஜுக்குவில் மாறி, ஓமியாவில் மாறி, ஓயாமாவில் மாறி, இவாஃபுனே என்ற சிறிய நிலையத்துக்கு இரவு 7 மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பனி கொட்டுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் தாமதம் கூடுகிறது. கடைசி ரயில் வெளிச்சமே இல்லாத வெட்டவெளியில் மணிக்கணக்காக நின்றுவிடுகிறது. 1995இல் பள்ளிப் பிள்ளைகளிடம் கைபேசி இல்லை; “நான் தாமதம், நீ வீட்டுக்குப் போ” என்று சொல்ல வழி இல்லை. அந்த இருட்டில் அவன் நினைப்பது, அக்காரி எனக்காகக் காத்திராமல் வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாயிருக்குமே என்பதுதான். 13 வயதுப் பிள்ளையின் மனத்தில் இவ்வளவு முதிர்ந்த அன்பா என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் ஊரில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு இந்தப் பகுதி மிகவும் நெருக்கமானது. இப்போது கிண்ணியாவுக்குப் பாலத்தால் சில நிமிடங்களில் போய்விடுகிறீர்கள். 2009இல் அந்தப் பாலம் திறக்கும் வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் வாகனமும் ஆளும் களப்பைக் கடக்க வேண்டும். மூதூருக்கு என்றால் நகரத்து இறங்குதுறையிலிருந்து லோஞ்ச். மாரி காலத்தில் கொட்டியாரக் குடா கொந்தளித்தால் அது ஓடாது. தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் வகுப்பிலிருந்து மூதூருக்கு இடம் மாறிப் போன ஒரு சிநேகிதியைப் பார்க்க, ஒரு மார்கழி விடுமுறையில் நான் அந்த இறங்குதுறையில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றிருக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது அவள் மறுகரையில் குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மழை விட்டு நெடுநேரமாகியும் வீட்டுக்குப் போகவில்லை என்பதை அந்தக் காய்ந்த குடை சொல்லியது. திரும்பும்போது அவளுடைய அம்மா கட்டிக்கொடுத்த தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இவாஃபுனே நிலையத்தின் காத்திருப்பு அறையில் அடுப்பருகே தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காரியை முதன்முதலில் திரையில் கண்டபோது எனக்கு அந்தக் குடைதான் நினைவுக்கு வந்தது.

அவன் வந்து சேரும்போது இரவு 11 மணி கடந்துவிட்டது. அக்காரி ஒன்றும் பேசவில்லை. அவனுடைய மேலங்கியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பிறகு தானே சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டையும் தேநீரையும் எடுத்து வைக்கிறாள். நிலையத்தை மூடியதும் பனியில் நடந்து, இலையும் பூவும் இல்லாத ஒரு செர்ரி மரத்தின் கீழ் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கணத்தில், மனிதரின் உள்ளமும் என்றென்றைக்குமானதும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது போல் தக்காக்கிக்குத் தோன்றுகிறது. அடுத்த கணமே தாங்க முடியாத துக்கம்: அக்காரியின் இந்த வெதுவெதுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தாங்கள் எப்போதும் சேர்ந்திருக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கவனியுங்கள், பிரிவு பின்னொரு நாளில் நேரவில்லை. அவர்கள் மிக நெருங்கிய அந்த இரவிலேயே அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

சொல்லாமல் விடப்பட்டது இரண்டு கடிதங்கள். அவளுக்கென்று இரண்டு வாரமாக எழுதிய கடிதம் ஓயாமா நிலையத்து மேடையில் காற்றோடு போய்விட்டது. அதை அவன் அவளிடம் சொல்லவேயில்லை. அவளும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள்; மறுநாள் காலை அவனை ரயிலேற்றும்போது அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கதவு மூடும் தறுவாயில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: நீ இனியும் நன்றாகத்தான் இருப்பாய், நிச்சயமாக.

இந்த ஒரு வசனத்தைத் தமிழ் பேசுகிறவர்கள் சட்டென்று புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் வாசற்படி தாண்டும்போது யாரும் “போறன்” என்று சொல்லமாட்டோம். சொன்னால் ஆச்சி திட்டுவார். “போயிட்டு வாறன்” என்றுதான் சொல்வோம். போவதைச் சொல்லும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அது. அக்காரி சொன்னதில் ‘வா’ என்ற சொல் இல்லை. அது வழியனுப்பும் வாழ்த்து. அவள் அந்தக் காலையிலேயே அவனை விடுவித்துவிட்டாள். அவனோ, ஓடத் தொடங்கிய ரயிலுக்குள்ளிருந்து, கடிதம் எழுதுகிறேன், தொலைபேசியில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறான். ஒரே கதவின் இரண்டு பக்கத்திலும் இரண்டு வேறு உரையாடல்கள் நடக்கின்றன. அதை உணர்ந்துகொண்டால் மிகுதிப் படம் தானாக விளங்கும்.

நடுப்பகுதிக்கு வருவோம். ஆண்டு 1999, இடம் ககோஷிமாவுக்குத் தெற்கே உள்ள தனெகஷிமாத் தீவு. ஜப்பானின் விண்வெளி ஏவுதளம் உண்மையாகவே அங்கேதான் இருக்கிறது. இப்பகுதியைச் சொல்பவள் கனாயே என்ற உயர்தர மாணவி. தக்காக்கி அந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்தே அவனை விரும்புகிறாள். அவன் சேர்ந்த பாடசாலையிலேயே சேர வேண்டும் என்பதற்காகவே முட்டி மோதிப் படித்தவள். அலைச்சறுக்குப் பழகுகிறாள், பல மாதங்களாகப் பலகையில் எழுந்து நிற்க முடியாமல் இருக்கிறாள். பாடசாலை முடிந்ததும் அவன் புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டுக் காத்திருந்து, தற்செயலாகச் சந்தித்தது போல் பேசி, ஸ்கூட்டர்களில் சேர்ந்து வீட்டுக்குப் போவதுதான் அவளுடைய நாளின் பேறு. கடையில் எந்தப் பானத்தை எடுப்பது என்று நெடுநேரம் தடுமாறுவாள். அவன் பொறுமையாக நிற்பான். பள்ளிக்குப் பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் படிவத்தை நிரப்பத் தெரியாமல் காகித விமானமாக மடித்துப் பறக்க விடுவாள். (உயர்தரம் படிக்கும் நீங்கள் அந்தக் காட்சியில் சிரித்திருப்பீர்கள்.)

அவன் அவளிடம் எவ்வளவு கனிவாக நடந்துகொள்கிறான் என்பதைப் பாருங்கள். ஒரு சொல் கடுமையாகப் பேசுவதில்லை, ஒருநாளும் விரட்டுவதில்லை. ஆனால் அடிக்கடி கைபேசியில் எதையோ எழுதுகிறான். அது தனக்கு வருவதாக இருந்தால் எப்படியிருக்கும் என்று கனாயே ஏங்குகிறாள். அந்த மடல்கள் எவருக்கும் போவதில்லை. எழுதுகிறான், அழிக்கிறான். யாருக்கும் அனுப்பாத மடல்களை எழுதும் பழக்கம் எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அக்காரிக்குக்கூட அல்ல, தங்கை. அந்த இரவின் அக்காரி எங்கும் இல்லை. அவனுக்குள்ளே மட்டும் இருக்கிறாள்.

ஒருநாள் கனாயே பலகையில் எழுந்து நின்றுவிடுகிறாள். இன்று சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவெடுக்கிறாள். திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பழுதாகிறது, இருவரும் நடக்கிறார்கள். அவளுக்கு அழுகை வருகிறது, என்னவென்று அவன் கேட்கிறான். அந்தக் கனிவுதான் அவளை வாய் திறக்க விடாமல் செய்கிறது. அப்போது தீவின் மறுமுனையிலிருந்து ரொக்கெட் கிளம்பி வானத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இருவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள், ஆனால் அவனுடைய பார்வை தன்னைத் தாண்டி, அந்தப் புகைக்கோட்டையும் தாண்டி எங்கோ போகிறது என்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. அவள் சொல்லவில்லை. எப்போதும் அவனை விரும்பிக்கொண்டே இருப்பேன் என்று நினைத்து அழுதபடி உறங்கிப் போகிறாள்.

உங்கள் முதற் கேள்விக்கான விடை இங்கே கிடைக்கிறது. அக்காரிக்கும் அவனுக்கும் இடையில் பல நூறு கிலோமீற்றர் இருந்ததால் பிரிந்தார்கள் என்றால், பக்கத்தில் ஸ்கூட்டரில் வரும் கனாயே அவனுக்கு ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்? ஷின்காய் அந்தப் பெண்ணை நடுவில் வைத்ததே இதைக் காட்டத்தான். நெருக்கமோ தூரமோ காரணமாக இருக்கவில்லை. பனி பெய்த ஓர் இரவுக்குள் அவன் நின்றுவிட்டான். உடம்பு மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

நம் இலக்கணத்தின் கண்ணால் இதையே வேறொரு விதமாகச் சொல்லலாம். அகத்திணையின் உரிப்பொருள்கள் ஐந்து: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இந்தப் படத்தில் குறிஞ்சிக்கு ஒரே ஓர் இரவு. பாலையின் பிரிவு படம் முழுதும் இருக்கிறது. காத்திருத்தல் முல்லை என்றால் அந்த நிலையத்து அடுப்பருகே அது உட்கார்ந்திருக்கிறது. கடலோரத்து நெய்தலின் இரங்கல் கனாயேக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இல்லாதது மருதம். தக்காக்கியும் அக்காரியும் ஒரு முறைகூட ஊடவில்லை. “ஏன் பதில் போடவில்லை?” என்று ஒருவர் மற்றவரைக் கோபித்ததில்லை. நீங்கள் சண்டை இல்லாததைக் குறிப்பிட்டு வியந்தீர்கள். நான் அதைத்தான் குறை என்று சொல்வேன். அன்றாடம் முகம் பார்த்து வாழ்கிறவர்களுக்கே ஊடல் வாய்க்கும். உப்புப் போட மறந்த கறிக்கும், சொல்லாமல் போன இடத்துக்கும் கோபித்துக்கொள்ளும் அந்த உரிமை இவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. ஒருவரை ஒருவர் முழுமையாக நேசித்தார்கள். ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ளவில்லை.

தொடக்கத்தில் பழக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அக்காரியின் முதற் கடிதங்களில் ஒன்றில், தலைமயிரைக் காது தெரியும்படி கட்டையாக வெட்டிவிட்டேன், இப்போது என்னைக் கண்டால் உனக்கு அடையாளம் தெரியாது என்று எழுதியிருப்பாள். அந்த வரிக்கு உயிர் இருக்கிறது. மூதூரிலிருந்து எனக்கு வந்த கடிதங்களிலும் அப்படித்தான்: யாருடைய மாடு கன்று போட்டது, எந்த ரீச்சர் மாற்றலாகிப் போனார் என்று எழுதியிருக்கும். பிறகு அவர்கள் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தார்கள். கடிதங்களில் “நலம், நலமறிய ஆவல்” மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை. யாரும் யாரையும் மறக்கவில்லை.

மூன்றாவது பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படமே அதைச் சுருக்கமாகத்தான் சொல்கிறது. தக்காக்கி தோக்கியோவில் கணினி நிரலாளர். மூன்று ஆண்டுகள் பழகிய பெண், ஆயிரம் மடல்கள் பரிமாறியும் மனத்தால் 1 சென்ரிமீற்றர் அளவுதான் நெருங்கியிருப்போம் என்ற கருத்தில் எழுதிப் பிரிந்து போகிறாள். இன்று வாட்ஸ்அப் இருக்கிறதே, அந்தக் காலப் பிரச்சினை இப்போது இல்லையே என்று எண்ணுகிறவர்கள் அந்த மடலைத் திரும்ப வாசிக்க வேண்டும். அவன் வேலையையும் விட்டுவிடுகிறான். அக்காரியோ திருமணத்துக்காகத் தோக்கியோவுக்குப் புறப்படும் முன், பழைய பொருட்களுக்குள் தான் கொடுக்காமல் விட்ட அந்தக் கடிதத்தைக் காண்கிறாள். அவளுக்கும் அந்த இரவு கனவில் வருகிறது. அவள் அதை நினைவாக வைத்திருக்கிறாள். அவன் அதற்குள் குடியிருக்கிறான். பிறகு யமசாக்கி மசயோஷியின் பாடல் தொடங்குகிறது. படத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1997இல், வெளிவந்த பாடல் அது. நிதானமாக நகர்ந்த படம் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் வேகம் எடுத்து, இருவரும் வெவ்வேறு ஊர்களில் வெறும் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்த நாட்களையெல்லாம் துண்டு துண்டாக அள்ளிக் கொட்டுகிறது. வசனமாகச் சொல்லியிருந்தால் பத்துக் காட்சி தேவைப்பட்டிருக்கும்.

கடைசிச் சிரிப்பு. படத்தின் தொடக்கத்தில் குழந்தை அக்காரி ரயில் கடவையைத் தாண்டி ஓடி, அப்பால் நின்று, அடுத்த வருடமும் சேர்ந்து செர்ரிப் பூப் பார்க்க வேண்டும் என்பாள்; இடையே ரயில் போகும். முடிவில் அதே போன்ற கடவையில் ஒரு பெண்ணை அவன் எதிர்ப்படுகிறான். இருவரும் கடந்ததும் தடுப்பு இறங்குகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரயில்கள் குறுக்கே போகின்றன. அவை போன பின் அங்கே எவரும் இல்லை. தோற்றவனின் சிரிப்பு என்று சிலர் அதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் நின்றிருந்தால் அவன் மறுபடியும் அந்த இரவுக்குள்தான் போயிருப்பான். அவள் நிற்கவில்லை என்பதால், பல ஆண்டுகளுக்கு முன் ரயில் கதவருகே அவள் சொன்ன வாழ்த்து அவனை அப்போதுதான் வந்து சேர்கிறது. ஷின்காய் 2002இல் ஏறத்தாழத் தனி ஒருவராக உருவாக்கிய 25 நிமிடக் குறும்படத்தில், விண்வெளிக்குப் போன பெண் அனுப்பும் கைபேசி மடல் பூமியை அடைய எட்டு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். இந்தப் படத்தில் விண்மீன்களுக்குப் போகாமலே அதைவிடத் தாமதமாக ஒரு செய்தி வந்து சேர்கிறது. தன்னை விட்டு அவள் போய்விட்டாள் என்று அன்றுவரை நினைத்தவனுக்கு, தான்தான் போகாமல் நின்றிருந்தேன் என்று தெரிகிறது. திரும்பி, முன்னே நடக்கிறான்.

உங்கள் சிநேகிதிக்கு வருகிறேன். கோடையில் நமக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. நீங்கள் பாடசாலைக்குப் புறப்படும்போது அங்கே முந்தின நாள் இரவு. அந்த இடைவெளியை வைத்துக்கொண்டே எழுதுங்கள். “உன்னை மறக்கமாட்டேன்” என்பதை ஒருமுறை சொன்னால் போதும். கோட்டை மான்களில் ஒன்று கடைத்தெருவில் புகுந்து யாருடைய கீரைக்கட்டைத் தின்றது, ரியூசனில் உங்களுக்குப் பக்கத்தில் இப்போது யார் உட்காருகிறார், டச்சு வளைகுடாவில் இன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அவர் பதில் போடப் பிந்தினால், எனக்கு ஏன் இரண்டு நாளாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளுங்கள். அவர் புறப்படும் முன் கொடுக்க நினைத்திருப்பது ஏதாவது உங்கள் மேசை லாச்சிக்குள் இருந்தால், அதை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிடுங்கள்.